995 கிராம் மாவீரன்

எங்கள் வீட்டில் இன்றைய நிலவரப்படி பெரிய பலசாலி, பாத்திரம் விளக்கும் சோப்பு. பத்து ரூபாய்ச் சோப்புதான். ஆனால் வீரம் 941. அதற்கு அடுத்த இடத்தில் ஒரு மல்லித்தூள் பாக்கெட் இருக்கிறது. அதற்கும் அடுத்தபடியாகக் கொசுவர்த்திச் சுருள். போன தீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து வந்த அரைக் கிலோ பாதாம் டப்பா, விலையைக் கேட்டாலே மூச்சு வாங்கும் சாமான், களத்தில் இறங்கிய முதல் சுற்றிலேயே தீப்பெட்டி பண்டலிடம் அடி வாங்கிச் செத்தது. பாதாமின் வீரம் வெறும் 12. இந்தச் செய்தி மாமனார் காதுக்கு இன்னும் போகவில்லை.

விஷயம் இதுதான். மடிக்கணினியில் ஒரு வெப்கேம். அதன் முன்னால் ஏதாவது ஒரு பாக்கெட்டின் பார்கோடைக் காட்டினால் அது ஒரு வீரனாகப் பிறக்கும். ஆயுள், வீரம், அதிர்ஷ்டம் மூன்றும் அந்தப் பதின்மூன்று எண்களிலிருந்து வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு சாமானைக் காட்டினால் இரண்டும் சண்டை போடும். அவ்வளவுதான். இதற்கு வீட்டுப் பரண் முதல் அம்மாவின் மூக்குக் கண்ணாடி வரை எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டியிருந்தது.

முழுப் பரீட்சை லீவுக்கு என் தங்கச்சி மகன் கதிர் மதுரைக்கு வந்திருந்தான். அவனும் என் மகள் மீனாவும் சேர்ந்தால் போன் கேட்டு நச்சரிப்பு தாங்காது. கவனத்தைத் திருப்பலாமே என்று ஒரு பழைய கதையை எடுத்துவிட்டேன். 1991-இல் ஜப்பானில் எபோக் என்ற பொம்மைக் கம்பெனி ‘பார்கோடு பேட்லர்’ என்று கையடக்கக் கருவி ஒன்றை விற்றது. அதில் ஒரு சந்து இருக்கும். பார்கோடு ஒட்டிய அட்டையை அந்தச் சந்தில் உரசினால் வீரனோ அரக்கனோ பிறக்கும். கடையில் அட்டை தீர்ந்துபோனாலும் கவலையில்லை. வீட்டிலிருக்கும் நூடுல்ஸ், பிஸ்கட் எதன் பார்கோடை வெட்டி உரசினாலும் ஆட்டம் நடக்கும். திரையில் படம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, எண்கள்தான் ஏறி இறங்கும். ஜப்பானியப் பிள்ளைகள் அதற்கே பைத்தியமாகிவிட்டார்கள், மறு வருஷமே இரண்டாம் மாடல் வந்தது. ஜப்பானைத் தாண்டி மேற்கே போனபோது மட்டும் அதைச் சீண்ட ஆளில்லை.

“அது இப்ப ஆன்லைன்ல கிடைக்குமா மாமா?”

“எதுக்குடா வாங்கணும்? நாமளே செய்யலாம்.”

நான் இந்த வாக்கியத்தைச் சொன்னால் என் மனைவி செல்வி எழுந்து போய் சமையலறைக் கதவைச் சாத்துவது வழக்கம். அன்றும் சாத்தினாள்.

தங்கச்சி வீட்டுக்காரர் போனில் ஒரு யோசனை சொன்னார். “மச்சான், எதுக்கு இந்தப் பாடு? பார்கோடு போன்லயே ஸ்கேன் ஆகுமே.” ஆகும். ஆனால் ஸ்கேன் செய்யக் கொடுத்த போன் திரும்பி வராது என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும். கதிர் தன் போனில் விளையாடப் போவதில்லை என்ற தைரியத்தில் சொன்னார். கடைகளில் வைத்திருக்கும் துப்பாக்கி ஸ்கேனர் ஒன்று வாங்கலாமென்றால் ஆயிரத்துச் சொச்சம் ஆகும். ஊரடங்குக் காலத்தில் மீனாவின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய வெப்கேமோ மேஜை டிராயரில் சும்மா கிடக்கிறது. படித்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

பைத்தான் மொழியில் நாலு வரி எழுதினால் காமிரா ஓடும். அதற்கு ஓபன்சிவி இருக்கிறது. படத்திலிருந்து கோடுகளைப் படித்து எண்ணாக்க ஜீபார் இருக்கிறது. இரண்டும் இலவசம். ஆக மூளை சல்லிக் காசில்லாமல் வந்துவிட்டது. தகராறு முழுக்கக் கண்ணில்தான்.

எங்கள் வெப்கேமுக்கு வெள்ளெழுத்து. ஐம்பது வயதுக்காரர் பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற அதே வியாதி. எட்ட உட்கார்ந்திருக்கிற மனித முகம் பளிச்சென்று தெரியும். கிட்டே கொண்டு வந்த பிஸ்கட் பாக்கெட்டில் பார்கோடு இருக்கும் இடத்தில் சாம்பல் கறைதான் தெரியும். மலிவான வெப்கேம்களுக்கு ஃபோகஸ் மாற்றத் தெரியாது. உட்கார்ந்து பேசுகிறவர் முகத்துக்குக் கணக்காகக் கம்பெனியிலேயே நிறுத்திவிடுவார்கள். எட்ட வைத்தால் தெளிவாக இருக்குமே என்றால், அப்போது பார்கோடு மிளகளவு ஆகிவிடும். பார்கோடின் மொத்த அகலத்தையும் 95 சம பங்காகப் பிரித்து, எந்தப் பங்கு கறுப்பு, எந்தப் பங்கு வெள்ளை என்பதை வைத்துத்தான் எண்களை எழுதியிருக்கிறார்கள். படத்தின் அகலம் 640 புள்ளி. அதில் பாதியைப் பார்கோடு அடைத்துக்கொண்டால்தான் ஒரு பங்குக்கு மூன்று புள்ளி சொச்சம் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் பக்கத்துப் பக்கத்துக் கறுப்பும் வெள்ளையும் கலந்து குழம்பிவிடும்.

இதற்கு முறையான வைத்தியம் ஒன்று உண்டு. காமிராவைக் கழற்றினால் லென்ஸ் ஒரு மரையில் உட்கார்ந்திருக்கும், அது அசையாமலிருக்க ஒரு சொட்டுப் பசை வைத்திருப்பார்கள். பசையைச் சுரண்டிவிட்டு லென்ஸைத் திருகிக் கொஞ்சம் வெளியே கொண்டு வந்தால் கிட்டத்துப் பொருள் தெளியும். குறட்டை எடுத்து வந்து உட்கார்ந்தேன்.

“ஏங்க, அதைக் கழட்டாதீங்க. மழை லீவு விட்டாங்கன்னா மறுபடி ஆன்லைன் கிளாஸ் வைப்பாங்க.”

ஏப்ரல் மாதத்து மதுரையில், கத்திரி வெயில் வாசலில் நிற்கிறபோது மழை லீவைப் பற்றிக் கவலைப்படுகிறவளிடம் என்ன பேச முடியும்? குறட்டைக் கீழே வைத்தேன். அப்போதுதான் எதிரே ஊஞ்சலில் அம்மா தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அம்மாவின் மூக்கில் இருந்தது கண்ணாடி. வெள்ளெழுத்துக் கண்ணாடி.

ரப்பர் பேண்டு போட்டு அதைக் காமிராவின் முகத்தில் மாட்டினோம். ஒற்றைக் கண் காமிராவுக்கு இரட்டைக் கண்ணாடி, ஒரு பக்கம் தொங்கியது. கதிர் சோப்பை ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். திரையில் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிப் பார்க்கலாம்போல வந்து நின்றன. மீனா கை தட்டினாள். கண்ணாடியின் சொந்தக்காரி கை தட்டவில்லை.

“ஏன்டா, கண்ணு தெரியாம நான் உக்காந்திருக்கேன், அந்த டப்பாவுக்குக் கண்ணாடியா?”

பேச்சுவார்த்தை நடந்தது. காலையில் பேப்பரில் இரங்கல் விளம்பரங்கள் வரைக்கும் படித்து முடிக்கும்வரை கண்ணாடி அம்மாவுக்கு. சாயங்காலம் அரிசியில் கல் பொறுக்கும் நேரமும் அம்மாவுக்கு. நடுவில் காமிராவுக்கு. என் அம்மா கதிருக்கு அம்மாச்சி, மீனாவுக்கு அப்பத்தா. ஆகவே “அம்மாச்சி, பேப்பர் முடிஞ்சிருச்சா?”, “அப்பத்தா, இன்னும் எத்தனை பக்கம்?” என்று இரண்டு பக்கமும் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பேப்பர் படிக்கும் வேகத்தை அம்மா வேண்டுமென்றே குறைத்ததாக எனக்குச் சந்தேகம். டெண்டர் அறிவிப்பையெல்லாம் அதற்கு முன்னால் படித்துப் பார்த்ததில்லை.

கண் சரியானதும் வெளிச்சம் தகராறு செய்தது. இப்போதெல்லாம் எந்தப் பாக்கெட்டும் பளபளக்காமல் வருவதில்லை. மேஜை விளக்கைப் போட்டால் பார்கோடின் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்து நாலு கோட்டைத் தின்றுவிடும். பேக்கரியில் கேக்குக்கு அடியில் வைத்துத் தரும் பட்டர் பேப்பரை விளக்கின்மேல் சுற்றியதும் அது அடங்கியது. மின்விசிறி ஓடினால் சிப்ஸ் பாக்கெட் படபடக்கிறது, விசிறியை நிறுத்தினால் நாங்கள் படபடக்கிறோம். பாட்டில்கள் வேறு விதம். கோடுகள் வேலி அடைத்ததுபோல் நட்டமாக நின்றால் பாட்டிலின் வளைவில் ஓரத்துக் கோடுகள் ஒடுங்கி ஒளிந்துகொள்ளும். விவரம் தெரிந்த கம்பெனிக்காரர்கள் சின்னப் பாட்டில்களில் பார்கோடைப் படுக்கப் போட்டு, ஏணிப் படியாக அச்சடித்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். தைலப் பாட்டில் ஏணி, ஷாம்பு பாட்டில் வேலி. குளியலறையில் நான் இதை ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்த்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது வெளியே வரிசையில் நின்றவர்கள் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

முதல் வீரன் பிறந்தது தனிக் கதை. சோப்பைக் காட்டியதும் “பிறந்துட்டான்!” என்று கதிர் குதித்தான். குதித்து முடிப்பதற்குள் இன்னும் ஒன்று பிறந்தது. இன்னும் ஒன்று. காமிரா நொடிக்கு முப்பது படம் எடுக்கிறது, ஒவ்வொரு படத்திலும் சோப்பு இருக்கிறது, ஆகவே நொடிக்கு முப்பது சோப்பு. திரை முழுக்கச் சோப்புப் படை. ஒருமுறை படித்த எண்ணை அடுத்த சில நொடிகளுக்குக் கண்டுகொள்ளாதே என்று இரண்டு வரி சேர்த்ததும் பிரசவம் ஒழுங்குக்கு வந்தது.

கடை ஸ்கேனர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. கணினியிடம் அவை தங்களைக் கீபோர்டு என்றே அறிமுகம் செய்துகொள்ளும். பார்கோடைப் பார்த்ததும் பதின்மூன்று எண்ணையும் தட்டி, கடைசியில் என்டரையும் தட்டிவிடும். பில் போடும் மென்பொருளுக்கு, யாரோ படுவேகமாக டைப் அடிக்கிறார் என்றுதான் தோன்றும். நம்முடையதும் அப்படியே இருக்கட்டும், எந்த விளையாட்டிலும் பயன்படுமே என்று அதே தந்திரத்தைச் செய்து வைத்தேன். இதன் குணம் என்னவென்றால், எந்த ஜன்னல் முன்னால் திறந்திருக்கிறதோ அதில் தட்டும். அன்று மதியம் திறந்திருந்தது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. பிள்ளைகள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பாக்கெட்டுகளை வரிசையாகக் காட்ட, பதின்மூன்று இலக்க எண்கள் ஒவ்வொன்றாகக் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

“யாரோட அக்கவுண்ட் நம்பர் இது? ஐ.எஃப்.எஸ்.சி. கோடு போடலையே” என்றார் திண்டுக்கல் பெரியப்பா. ஏதோ கல்யாணத்துக்கு மொய் அனுப்பத் தயாராகிவிட்டார் என்று தெரிந்தது. ஓர் அத்தை கும்பிடும் கை போட்டார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவார். சித்தப்பா ஒருவர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். “எல்லாம் 890-ல் ஆரம்பிக்கிறது. நம் நாட்டுத் தயாரிப்பு. தைரியமாக வாங்கலாம்.”

சித்தப்பாவின் பேச்சை இங்கே கொஞ்சம் திருத்த வேண்டும், குழுவில் திருத்த எனக்குத் துணிவில்லை. எண்ணின் தலைப்பைப் பார்த்து எந்த நாட்டுச் சரக்கு என்று கண்டுபிடிக்கலாம் என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வர்டாகச் சுற்றிவரும் சங்கதி. 890 என்றால் அந்த எண்ணை இந்தியாவிலுள்ள ஜிஎஸ்1 அமைப்பு கொடுத்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். 479 இலங்கை. சாமானை எங்கே செய்தார்கள் என்பதைப் பற்றி அந்த எண் மூச்சு விடாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 890-இல் உள்ள அந்த முதல் 8, கோடுகளில் கிடையாது. கோடு போட்டிருப்பது பன்னிரண்டு எண்ணுக்குத்தான். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு. இடப்பக்க எண்கள் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக எழுதலாம். எதை எந்த விதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதிலேயே பதின்மூன்றாவது ஆள் ஒளிந்திருக்கிறார். வலப்பக்கத்துக்கு வேறு முறை என்பதால் பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினாலும் இயந்திரம் எது தலை, எது கால் என்று தெரிந்துகொள்ளும். கதிர் நம்பாமல் ஒவ்வொரு சாமானையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். மிளகாய்த்தூளின் வாயை யாரும் கட்டி வைத்திருக்கவில்லை.

விதிகளை நான் வகுத்தேன். முதல் மூன்று எண் எல்லாருக்கும் ஒன்றுதான், அதனால் பயனில்லை. நாலு முதல் ஆறு வரை ஆயுள். அது கம்பெனியின் எண்ணில் சேர்ந்தது. ஆகவே ஒரே கம்பெனியின் சோப்பும் பற்பசையும் தேங்காயெண்ணெயும் பங்காளிகள், ஆயுள் ஒன்று. பத்து முதல் பன்னிரண்டு வரை வீரம். கடைசி எண் அதிர்ஷ்டம், யாருக்கு அதிகமோ அவர் முதலில் அடிக்கலாம். ஒரே சாமானை நூறு பாக்கெட் வாங்கினாலும் எண் ஒன்றுதான், வீரனும் ஒருவன்தான் என்று கேட்டதும் செல்வி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். ஆனால் அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டுக்கு ஓர் எண், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு வேறு எண், குடும்பப் பொதிக்கு மற்றொன்று. இதைக் கண்டுபிடித்தவள் மீனா.

பிறகு கத்தரிக்கோல் வந்தது. பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிடப் பார்கோடை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டால் படையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாமே. ரவை பாக்கெட்டின் முதுகில் சன்னல். சேமியாவில் சன்னல். பிரிக்காத சர்க்கரையில் சன்னல், அதன் வழியாக எறும்புகள் கிரகப்பிரவேசம். சமையலறையில் எதைத் தூக்கினாலும் பின்னாலிருந்து சரசரவென்று கொட்டியது. கதிர் வெட்டியது ஒன்றும் வேலை செய்யவில்லை என்பதுதான் கொடுமை. அவன் கோட்டை ஒட்டி ஒட்ட வெட்டியிருந்தான். பார்கோடின் இரு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். இடப்பக்கம் பதினொரு பங்கு அகலம், வலப்பக்கம் ஏழு. அந்த வெள்ளை இருந்தால்தான் எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று இயந்திரத்துக்குப் பிடிபடும். மீனா ஓரம் விட்டு வெட்டியிருந்தாள். அவள் படை முழுக்க உயிரோடு இருந்தது. சர்க்கரை கொட்டியதற்கு இருவருக்கும் சம பங்கு திட்டு விழுந்தபோது, “என்னோடது வேலை செய்யுதும்மா” என்று அவள் எடுத்த வாதம் எடுபடவில்லை.

படை இழந்த கதிர் கள்ள நோட்டு அடிக்கத் துணிந்தான். பழி என்மேல்தான், கடைசி எண்ணின் கணக்கை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பதின்மூன்றாவது எண் சரிபார்க்கும் எண். முதல் பன்னிரண்டில் ஒற்றைப்படை இடத்து எண்களை அப்படியே கூட்டு. இரட்டைப்படை இடத்து எண்களை மூன்றால் பெருக்கிக் கூட்டு. மொத்தம் அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி எண். 890 போட்டு, அதன் பின்னால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக எழுது, கூட்டு 130 வரும், குறைவே இல்லை, கடைசி எண் பூஜ்யம். 8901234567890. இதைக் காட்டியபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கணக்கு ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு தாளோடு வந்தான். மூன்றாம் வாய்ப்பாட்டில் முக்கி முனகுகிற பையன் ஆறு பெருக்கலும் ஒரு கூட்டலும் பிசகில்லாமல் போட்டிருந்தான். பன்னிரண்டு ஒன்பது. 54-உம் 162-உம் 216, ஆகவே கடைசியில் 4. ஒன்பதுதான் வேண்டுமென்று அவன் எவ்வளவு மல்லுக்கட்டியும் கணக்கு 4-ஐ விட்டு நகரவில்லை. ஆயுள் 999, வீரம் 999, அதிர்ஷ்டம் 4. அதிர்ஷ்டக் குறைவால் முதல் அடியை வாங்கிக்கொண்டு, அடுத்த அடியில் எங்கள் சோப்பைச் சாய்த்தது. மீனா அழுதுகொண்டே மேல் முறையீட்டுக்குப் போனாள். ஊஞ்சலில் இருந்த அம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “கடையில விக்காத சாமானுக்குப் படையில இடமில்ல.”

அதோடு விடாமல் தானும் ஆடுவதாகச் சொல்லி, பெட்டியிலிருந்து பொன்னியின் செல்வனை எடுத்து வந்தார். 1950-களில் கல்கி இதழில் தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அவருடைய அப்பா பைண்டு செய்து வைத்தது. முன்னட்டை, பின்னட்டை, முதுகு என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். காமிரா வாய் திறக்கவில்லை. “வந்தியத்தேவனுக்கு வீரமே இல்லைங்குதாடா உன் மெஷினு?” கடையில் இன்று விற்கிற புதுப் பதிப்பு ஒன்றை வாங்கினால் பின்னட்டையில் 978-இல் தொடங்கும் பார்கோடு இருக்கும், உலகத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தலைப்புதான் என்று விளக்கினேன். தன் அப்பா பைண்டு செய்ததற்கு இல்லாத வீரம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பதில் இல்லாததால் காமிராவிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

நியாயமான வழியில் பலசாலி தேட வேண்டிய கட்டாயத்தில் பிள்ளைகள் அண்ணாச்சி கடைக்கு அடிக்கடி போனார்கள். அலமாரியில் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுப்பது, பின்புறம் திருப்பிக் கடைசி எண்களை உற்றுப் பார்ப்பது, உதட்டைப் பிதுக்கி வைத்துவிடுவது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்து சொன்னார். “தம்பி, பெரியவங்களே எக்ஸ்பைரி தேதி பாக்குறதில்ல. உங்க புள்ளைங்க ஒண்ணு விடாமப் பாக்குதுங்க. நல்ல வளர்ப்பு.” நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

அவர் பில் போடும்போது துப்பாக்கி பீப் பீப் என்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். 1974 ஜூன் 26, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டிராய் ஊர், மார்ஷ் சூப்பர் மார்க்கெட். கடைகளுக்கென்று வந்த இந்தப் பார்கோடு வைத்து முதலில் விற்ற சாமான் ரிக்ளி கம்பெனியின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம், விலை 67 சென்ட். அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால் ஜோசப் உட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, மோர்ஸ் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் கீழே இழுத்துப் பார்த்தபோதுதான் இந்த யோசனையே பிறந்தது. அவருக்கும் நண்பர் பெர்னார்ட் சில்வருக்கும் 1952-இல் காப்புரிமை கிடைத்தது. படிக்க லேசர் இல்லாததால் யோசனை அத்தனை காலம் காத்திருந்தது. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் லேசாகப் புல்லரிக்கும். கதிர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டான்.

“அந்தச் சூயிங்கத்தோட வீரம் எவ்வளவு மாமா?”

இதற்குள் காய்கறி விஷயம் மீனாவின் கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் வீட்டுக்குக் காய் எப்போதும் அண்ணா நகர் உழவர் சந்தையிலிருந்துதான். 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை அது. அங்கே கத்தரிக்காயைத் தராசில் போட்டுப் பையில் கொட்டுவார்கள், கோடாவது எண்ணாவது. ஒருநாள் செல்வி அவசரத்துக்கு ஏசி சூப்பர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கி வந்தாள். பாலிதீன் பையில் ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் பார்கோடு. அது 2-இல் தொடங்கியது. 2 என்பது கடைக்காரர்கள் தங்கள் கடைக்குள் மட்டும் புழங்குவதற்கென்று விட்டு வைத்திருக்கும் தலைப்பு. அந்தக் கடையின் ஏற்பாட்டில் அடுத்த ஆறு எண் இது கத்தரிக்காய் என்று சொல்லும். அதற்கடுத்த ஐந்து எண், எடை. அரைக் கிலோவுக்குப் பதினைந்து கிராம் குறைந்தால் 00485. என் விதிப்படி பத்து முதல் பன்னிரண்டு வரை வீரம். ஆகவே கத்தரிக்காயின் வீரம் 485.

“அப்போ முக்கால் கிலோ வாங்கினா?” என்றாள் மீனா.

“750.”

“ஒரு கிலோ?”

01000. கடைசி மூன்று எண் பூஜ்யம். ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு வீரமே இல்லை. அதிலிருந்து ஐந்தே கிராம் குறைந்தால் 995, மாவீரன். அந்தக் கடைத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் ஏறும் என்பதால் அதுவே உச்சம். மறுநாள் இருவரும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். எடை போடும் இடத்தில் நீல நிற ஏப்ரன் போட்ட பெண் பையைத் தராசில் வைத்தார். 1.010.

“அக்கா, பதினஞ்சு கிராம் குறைக்கணும்.”

“ஒரு காயை எடுத்துரவா தம்பி?”

எடுத்ததும் 0.960. கதிர் வேறொரு சின்னக் காயைத் தேர்ந்தெடுத்து வைத்தான். 0.990. எங்களுக்குப் பின்னால் நின்றவர் கையிலிருந்த வாழைத்தாரை மறு கைக்கு மாற்றினார். மீனா குவியலுக்குள் கையை விட்டுக் காம்பு நீளமான ஒரு காயைத் தேடி எடுத்து, இருப்பதில் ஒன்றைக் கழற்றி, இதை வைத்தாள். 0.995. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். “வீட்ல ரொம்பக் கண்டிப்பு போல” என்று அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. வாழைத்தார்க்காரரிடம் அதுவும் இல்லை.

கத்தரிக்காய் மாவீரன்தான், ஆனால் ஆயுள் 1. அதிர்ஷ்டம் 7 என்பதால் பெரும்பாலும் முதல் அடி அவனுடையது, ஒரே அடியில் எதிரி காலி. தப்பித்தவறி எதிராளி முதலில் தொட்டால் இவன் காலி. நல்ல சுவாரஸ்யமான வீரன் என்பது என் கருத்து. சமையலறையின் கருத்து வேறாக இருந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய், கத்தரிக்காய் கொத்சு, கத்தரிக்காய் சாம்பார், கத்தரிக்காய் வதக்கல் என்று மாவீரனின் இறுதிச் சடங்கு நாள் கணக்கில் நடந்தது. அது முடிவதற்குள் 995 கிராம் வெண்டைக்காய் வந்து இறங்கியது. செல்வி விதிப் புத்தகத்தில் தானாக ஒரு விதியைச் சேர்த்தாள். “யாரு எதைச் சண்டைக்கு இறக்குறாங்களோ, அவங்கதான் அதை நறுக்கணும்.”

கதிர் அசரவில்லை. ஆயுளும் வீரமும் சேர்ந்து அமைந்த காய் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று, அந்தக் கடையின் ஸ்டிக்கர்களையெல்லாம் பார்த்துவைத்து நோட்டுப் புத்தகத்தில் அட்டவணை போட்டான். கண்டும் பிடித்தான். ஆயுள் 462, வீரம் 995. அன்று அவன் ஆட்டத்தில் மீனாவின் சோப்பு, மல்லித்தூள், கொசுவர்த்தி மூன்றும் வரிசையாக விழுந்தன. வெற்றி முழக்கம் அடங்கியதும் செல்வி ஒரு முறத்தையும் கத்தியையும் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

சின்ன வெங்காயம்.

கால் பங்கு உரிப்பதற்குள் கண்ணும் மூக்கும் ஒழுக, அவன் போனை எடுத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டான். ஸ்பீக்கரில் என் தங்கச்சியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“என்னண்ணே இது, லீவுக்கு வந்த புள்ளைய இப்படி அழ வைக்கிறீங்க?”

“அழ வைக்கலம்மா. வெங்காயம் உரிக்கிறான். சின்ன வெங்காயம், ஒரு கிலோவுக்கு அஞ்சு கிராம் கம்மி.”

“எங்க வாங்குனீங்க?”

சூப்பர் மார்க்கெட்டின் பெயரைச் சொன்னேன். விலையையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஏண்ணே, உழவர் சந்தை பக்கத்துலயே இருக்கே!”